பேச்சி அத்தையின் மடைக்காரர்கள்

இதனால் ஆழ்வார்குறிச்சி சுற்றுவட்டாரத்துப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை கண்ணாடி பார்த்தபோது என் மேலுதட்டின் இடது ஓரத்தில் ஒரு மீசை முடி, யார் சொல்லியும் கேட்காமல், தானாகவே முறுக்கிக்கொண்டு நின்றது. வலது ஓரத்திலிருந்து இன்னும் தகவல் இல்லை. ஆகவே பாதி ஆண்பிள்ளை என்ற தகுதியில், பிளஸ் டூ மாணவனாகிய நான், என் மகனாகிய உனக்கு இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்குகிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்பதும் முடிவாகவில்லை. ஒரு பெயரை மனதில் வைத்திருக்கிறேன்; அந்தப் பெயருக்குச் சொந்தக்காரிக்கு விவரம் தெரியாது. இதை நீ படிக்கும்போது நன்றாக வளர்ந்திருப்பாய், அதாவது எழுதுகிற என்னைவிடப் படிக்கிற நீ மூத்தவனாக இருப்பாய். அதற்காக என்னை மரியாதைக் குறைவாக நினைத்துவிடாதே. வயதில் சின்னவன் என்றாலும் நான் உன் அப்பன்.

என்னை இந்த வயதில் தகப்பனாக்கியது ஒரு டாக்டர். எனக்கு வைத்தியம் பார்க்கிற பாளையங்கோட்டை டாக்டரம்மா போன மாதம் என் குடும்ப விவரமெல்லாம் கேட்டுக் குறித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, "உனக்கும் ஒரு காலத்துல பிள்ளை பிறக்கும்லா தம்பி, அதுக்கும் சின்னதுலயே ரத்தம் பாத்துரணும், மறந்துராத" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சுவரில் தொங்கிய காலண்டரை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். நான் மட்டும் பஸ்ஸில் வீடு திரும்புகிற வழியெல்லாம் உன்னை நினைத்துக்கொண்டே வந்தேன். பெரியவர்கள் எழுதுகிற கடிதத்தில் அறிவுரை இருக்கும். என்னிடம் இப்போதைக்கு உரை மட்டும்தான் இருக்கிறது. அறிவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் வீட்டு ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா, உனக்குத் தாத்தா, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வாழைத்தார் உள்ள நாளில் வாழைத்தார், இல்லாத நாளில் கட்டில், பீரோ, கல்யாண வீட்டுப் பாத்திரம். என் அம்மா பீடி சுற்றுகிறாள். அவள் சுற்றுவது பீடி, என்னைச் சுற்றுவது பீட்டா. பீட்டா என்றால் என்னவென்று சொல்லத்தான் போகிறேன். அப்புறம் என் தங்கை பேச்சியம்மாள், உனக்கு அத்தை. இப்போது ஆறாம் வகுப்பு. அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அளந்து பார்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பேச்சு. கடிதம் உனக்கு என்றாலும் விஷயம் அவளுடையது. எனக்கு வந்த சர்க்கரை நோய் அவளுக்கும் வரப் பார்க்கிறது. அதை வழியிலேயே மறித்து வைக்க முடியுமா என்று பார்க்கிற ஒரு ஆராய்ச்சிக்காக, இன்று மத்தியானம் அம்மாவோடு சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். அப்பா அவர்களைத் திருநெல்வேலியில் ரயில் ஏற்றிவிடப் போயிருக்கிறார். வீட்டில் நான், ஒரு ஃபிரிட்ஜ், அந்த ஃபிரிட்ஜுக்குள் என் இன்சுலின், வேறு யாரும் இல்லை.

எனக்கு இது பத்தாம் வகுப்பில் வந்தது. முதலில் தாகம். அப்படி ஒரு தாகத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். கடனாநதியில் வாய் வைத்தால் ஊருக்குத் தண்ணீர் மிஞ்சாது என்கிற அளவுக்குத் தாகம். குடித்ததெல்லாம் ஒண்ணுக்காகப் போனது. வகுப்பில் கையைத் தூக்கினாலே கணக்கு சார் வாசலைக் காட்டிவிடுவார். சாப்பாட்டை இரண்டு ஆள் அளவுக்குத் தின்றும் சட்டை தொளதொளத்தது. ராத்திரியும் பகலும் செல்போன் பார்க்கிற பிள்ளை இளைக்கத்தானே செய்யும் என்றார் அப்பா. ஒரு நாள் வயிற்றைப் புரட்டி, மூச்சு வாங்கி, நான் சொல்கிற வேடிக்கைக்கு நானே சிரிக்க முடியாமல் போனபோதுதான் லோடு ஆட்டோவில் வாழைத்தாருக்குப் பதில் என்னை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஓடினார்கள். பிழைத்துவிட்டேன். பிழைக்காவிட்டால் உனக்குத்தான் நஷ்டம். ஊருக்குள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இவன் அல்வா தின்ற தீனிக்கு வராமல் என்ன செய்யும் என்று அம்மாவின் காதுபடப் பேசினார்கள். அல்வாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகும், அம்மா வீட்டில் சீனி டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள், ஏதோ அது என்னைத் தேடி வந்து கடித்தது போல.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை இன்சுலின். காலையில் ஒரு ஊசி, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஊசி. அது பேனா மாதிரியே இருக்கும், பேரும் பேனாதான். புதிதாக வந்த இங்கிலீஷ் சார் ஒரு நாள் பேனா இல்லாதவன் எழுந்து நில் என்றார். நான் இன்சுலின் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்து, 'இதில் எழுதினால் கையெழுத்து இனிக்காது சார், பரவாயில்லையா' என்று கேட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் என்னை எல்லோரும் வீரன் என்றுதான் நினைக்கிறார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வயிற்றில் தானே குத்திக்கொள்கிறவன், வலிக்கவே வலிக்காதாம், ஆள் யார் தெரியுமா என்று சின்ன வகுப்புப் பையன்கள் என்னைக் கைகாட்டிப் பேசுவார்கள். நான் தலையை லேசாக ஆட்டிவிட்டு நடந்து போவேன். உன் அப்பா அப்படிப்பட்ட ஆள் என்பதை இந்த இடத்தில் குறித்து வைத்துக்கொள்.

எனக்கு வீரத்தைவிட ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது. நேற்றுவரை நன்றாக இருந்த உடம்பு இன்றைக்கு ஏன் இப்படிச் செய்தது? மாதாமாதம் போகும்போதெல்லாம் டாக்டரம்மாவைக் குடைந்தேன். அவரும் சளைக்கவில்லை. நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார், ஆழ்வார்குறிச்சி என்றதும், அப்படியென்றால் வயலை வைத்துச் சொன்னால் புரியும் என்று ஆரம்பித்தார். சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாகி ரத்தத்தில் போகிறது, வாய்க்காலில் தண்ணீர் போவது மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் போனால் மட்டும் போதுமா, மடையைத் திறந்தால்தானே வயலுக்குப் பாயும். அந்த மடையைத் திறக்கிற வேலையைச் செய்வது இன்சுலின். அதைத் தயார் செய்கிற ஆட்கள் கணையத்துக்குள் இருக்கிற பீட்டா செல்கள். நம் ஆற்று நடுவில் நாணல் முளைத்த திட்டுகள் இருக்குமே, அதுபோல் கணையத்துக்குள் திட்டுத் திட்டாக அவர்கள் குடியிருப்பு. எனக்கு என்ன ஆனதென்றால், கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல்காரர்கள், சொந்த ஊர் மடைக்காரர்களையே திருடன் என்று நினைத்து அடித்துவிட்டார்கள். மடை திறக்க ஆள் இல்லை. வாய்க்கால் பொங்கி ரோட்டில் வழிகிறது, வயல் காய்ந்து கிடக்கிறது. தாகமும் இளைப்பும் அதுதான்.

நான் உடனே, காவல்காரர்களுக்கு ஏன் ஆள் அடையாளம் தெரியாமல் போனது என்று கேட்டேன். டாக்டரம்மா கையை விரித்து, "தெரியல தம்பி. அதத்தான் எல்லாரும் தேடிக்கிட்டிருக்காங்க" என்றார். மகனே, ஒரு பெரிய படிப்புப் படித்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரியல என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் தெரியாததைக் கேட்டால் உட்காருலே என்பார்கள். எனக்கு அன்றைக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போனது. தெரிந்தவரைக்கும் அவர் சொன்னதும் வேடிக்கையாகத்தான் இருந்தது. தப்பு முழுக்கக் காவல்காரர்கள் மேல் இல்லையாம். மடைக்காரர்களுக்கு வேலைப் பளு கூடித் திணறும்போது அவர்களே தாறுமாறாகச் சத்தம் போட்டுக் காவலை வம்புக்கு இழுப்பதும் உண்டு என்று சந்தேகப்படுகிறார்களாம். அதனால் ஒரு பக்கம் காவல்காரர்களைச் சாந்தப்படுத்துகிற மருந்தைத் தேடுகிறார்கள், இன்னொரு பக்கம் மடைக்காரர்களைத் தெம்பாக வைத்திருக்கிற வழியைத் தேடுகிறார்கள். வேறு சிலர் புதிதாகச் செல் வளர்த்து, அதை ஒரு வலைக்குள் வைத்து உடம்பில் வைக்கப் பார்க்கிறார்கள். கொசுவலைக்குள் காற்று போகும், கொசு போகாதே, அப்படி. எனக்கு அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் கொசுவலை நினைப்புதான். உள்ளே படுத்திருக்கிற செல்லுக்குப் புழுங்காதா என்று போனில் கேட்டு எழுதினேன். அருமையான கேள்வி, அதுவும் ஒரு பிரச்சினைதான், உள்ளே மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு என்று பதில் வந்தது. அதை நான்கு பேரிடம் காட்டினேன்.

எனக்குத் தாகம் எடுத்தபோதே பெரும்பாலான மடைக்காரர்கள் காலி. ஆனால் அந்தச் சண்டை ஒரே நாளில் நடப்பதில்லையாம். வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே நடக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தைப் பார்த்தால் காவல்காரர்கள் விட்டுப்போன தடயம் கிடைக்கும். அப்போதே தெரிந்துகொண்டால் மிச்சமிருக்கிற செல்களைக் காப்பாற்ற ஏதாவது செய்து பார்க்கலாம். அதற்காகத்தான் என்னை மாதிரிப் பிள்ளைகளின் கூடப்பிறந்தவர்களுக்கு ரத்தம் எடுக்கிறோம், உன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வா என்றார் டாக்டரம்மா. நான் வீட்டில் வந்து சொன்னேன். அம்மா பீடி இலையை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஓடியாடித் திரியுத பிள்ளையக் கொண்டுபோயி ஊசியக் குத்தி, இல்லாத சீக்கை எதுக்குய்யா வரவழைக்கணும்? ஒண்ணு போதாதா எனக்கு?"

அந்த ஒண்ணு நான்தான். பேச்சியும் வர மாட்டேன் என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை, நான் தண்ணீர்கூடக் கொஞ்சமாகத்தான் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புறவாசலுக்கு ஓடிவிட்டாள். நான் வழக்கம்போல அதிலும் ஒரு கேலி செய்தேன். ஆனால் அவள் சொன்னது மண்டையில் குடைந்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையில் தவளை போடலாம் என்று திறந்தேன் (தவளை தயாராக இருந்தது, அது வேறு கதை). காலையில் அம்மா நிறைத்துக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே மூடி திறக்காமல் இருந்தது. அடுத்த நாளும் பார்த்தேன், அதே மாதிரி. தவளையை விட்டுவிட்டு அவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். அண்ணனுக்குத் தண்ணீர் தவித்துத்தானே இந்த நோய் வந்தது, அதனால் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் வராது. தவித்தாலும் வீட்டில் தெரியக் கூடாது, தெரிந்தால் தன்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஐப்பசி மழைக்கு முந்தின அந்த வெயிலில், வாய் உலர உலர, தன் நோயை ஒளித்து வைக்கிறதாக நினைத்துக்கொண்டு தாகத்தை ஒளித்து வைத்திருக்கிறாள். மகனே, என் வாழ்க்கையில் வேடிக்கையாக ஒன்றும் சொல்லத் தோன்றாத இடங்கள் குறைவு. அது ஒன்று.

ஒரு சொம்புத் தண்ணீரை அவளைக் குடிக்க வைத்துவிட்டு, ஊசி வலிக்கவே வலிக்காது, என்னைப் பார், எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்றேன். அவள் சொம்பை வைத்துவிட்டு என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நம்பவில்லை. அவள் நம்பாததற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டில் விஷயம் தெரிந்ததும் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள். ஆனால் நேராக ஆஸ்பத்திரிக்கு இல்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தசராவுக்கு வேஷம் கட்டி, ஊரில் காணிக்கை பிரித்து அம்மனுக்குச் செலுத்திவிட்டுத்தான் பேச்சிக்கு ரத்தம் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் கூடாது. வேஷம் யார் கட்டுவது? அப்பாவுக்கு வண்டி ஓட்டம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரடி வேஷம் கட்டுகிறேன் என்றேன். மாலை போட்டால் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு. எனக்கு அது ஆகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். காப்பு கட்டிய பூசாரியிடம் அம்மா கேட்டாள். மருந்து எடுக்கிறவன் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆட வேண்டும், அம்மன் கேட்பது ஆளைத்தானே ஒழியப் பட்டினியை இல்லை என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். ஆக, அம்மன் தரப்பிலும் டாக்டர் தரப்பிலும் எந்தத் தடையும் இல்லை. தடை நான்தான். ஒரு நாள் பட்டினி கிடந்து தங்கைக்காக நேர்த்திக்கடனைச் சுத்தமாக முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

கடற்கரை மணலில் கால் வைக்க இடமில்லை. காளி, குரங்கு, ராஜா, குறத்தி, எங்கு பார்த்தாலும் மேளமும் வேஷமும். சணல் நாரில் கறுப்புச் சாயம் ஏற்றிய கரடிச் சட்டைக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன். பிச்சைக்காரர் வேஷத்தில் ஒருவர் தட்டை நீட்டினார். என் புளிச்சோற்றுப் பொட்டலத்தை அப்படியே அதில் வைத்துவிட்டேன். காலையில் போட்ட இன்சுலின் அதுபாட்டுக்கு உள்ளே மடை மடையாகத் திறந்துகொண்டிருக்கிறது, வாய்க்காலிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது, பிறகு உடம்பே உதறியது. கண்ணுக்கு முன்னால் கடல் சாய்ந்து சாய்ந்து வந்தது. கரடித் தலைக்குள் இருந்ததால் என் முகம் வெளுத்ததும் வேர்த்ததும் யாருக்கும் தெரியவில்லை. உதறல் மட்டும் தெரிந்தது. கரடிக்கு அருள் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, மேளக்காரர்கள் என்னைச் சுற்றி நெருங்கி இன்னும் ஓங்கி அடித்தார்கள். ஒரு அம்மாள் என் காலில் விழுந்து, மகளுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று கேட்டார். எனக்கு என் பெயரே அப்போது சரியாக ஞாபகம் இல்லை.

பேச்சி மட்டும் தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வழி முழுக்க அவள் என்னைக் கரடிக்குட்டி, கருப்பட்டி மூட்டை என்று வம்புக்கு இழுத்தாள், நானும் விடாமல் பதிலுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியாக அவள் ஏதோ கேலி சொன்னபோது கரடியிடமிருந்து பதில் வரவில்லை. அது போதும் அவளுக்கு. கூட்டத்துக்குள் குனிந்து நுழைந்து வந்தாள்.

"அருள் இல்ல, எங்கண்ணன் வாயாடாம நிக்கான். சுகர் இறங்கிட்டு. தள்ளுங்க."

கரடித் தலையைப் பிடுங்கி எறிந்தாள். பின்னால் ஓடிவந்த அம்மாவின் பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்து என் விரலில் குத்திப் பார்த்தாள். முதலில் ஓடியது யார் தெரியுமா, அந்தப் பிச்சைக்காரர் வேஷக்காரர்தான். மடியிலிருந்து நோட்டை உருவிக் கடையில் ஒரு கலர் பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்து உடைத்துக் கொடுத்தார். பிறகு விசாரித்தால் திருநெல்வேலி டவுணில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியாம். என் புளிச்சோற்றைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, நேர்த்திக்காக ஏந்தியதை மறுக்கக் கூடாது என்று வாங்கினேன், உன் உயிர்ச்சோறு என்று தெரியாதே தம்பி என்று வருத்தப்பட்டார். மேளக்காரர்கள் ஓய்ந்துபோய் நின்றார்கள். காலில் விழுந்த அம்மாள் மட்டும் போகவில்லை. நான் தெளிந்து எழுந்ததும், கல்யாணம் எப்போது என்று மறுபடியும் கேட்டார். தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரு நல்ல வார்த்தைதானே.

மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சி கலர் பாட்டிலில் மீதியைக் குடித்தாள். அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ விழுந்தா நான் கண்டுபிடிச்சிருவேண்ணே. நான் விழுந்தா நீ எங்கன கண்டுபிடிக்க? நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டேல்லா இருப்ப. எனக்கும் ரத்தம் எடுக்கட்டும்."

எடுத்தார்கள். முடிவு வந்த நாளில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. காவல்காரர்களின் தடயம் ஒன்றல்ல, இரண்டு வகை இருக்கிறது. சர்க்கரையும் லேசாகத் தள்ளாட ஆரம்பித்திருக்கிறது. ஆனால் மடைக்காரர்கள் இன்னும் நிறையப் பேர் வேலையில் இருக்கிறார்கள். அம்மா அழுதாள். அம்மன் கைவிட்டுவிட்டாளே என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மடைக்காரர்கள் எல்லாரும் போன பிறகு காட்டாமல், ஆள் இருக்கும்போதே அம்மன் காட்டிவிட்டாள் என்றாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காவல்காரர்களைச் சாந்தப்படுத்துகிற ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். குணமாக்கும் மருந்து இல்லை. வேலை செய்தால் நோய் வருகிற நாளைத் தள்ளிப்போடும், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, வேலை செய்யாமலும் போகலாம், உடம்புக்குச் சில சங்கடங்கள் வரலாம் என்று எல்லாவற்றையும் விளக்கினார்கள்.

அதில் ஒரு விஷயம் கேட்டு நான் அசந்துபோனேன். சேர்கிற பிள்ளைகளில் சிலருக்கு மருந்து ஏறும், சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஏறும். யாருக்கு எது என்று பிள்ளைக்கும் தெரியாது, ஊசி போடுகிற டாக்டருக்கும் தெரியாது. மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது நமக்கு அப்படித் தோன்றுகிறதா என்று பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லையாம். நான் இதுவரை செய்த அத்தனை குறும்பிலும் ஏமாற்றுகிறவனுக்காவது விஷயம் தெரிந்திருக்கும். ஏமாற்றுகிறவனுக்கே தெரியாத ஒரு குறும்பை, அதுவும் உண்மையைக் கண்டுபிடிப்பதற்காகவே யோசித்து வைத்த ஆளைப் பார்த்தால் கும்பிட வேண்டும். பேச்சி கும்பிடவில்லை. எனக்குச் சும்மா தண்ணீர் விழுந்தால் என்ன செய்ய என்று நேராகக் கேட்டாள். அப்போதும் உன்னை விடாமல் கவனித்துக்கொள்வோம், என் அண்ணன் மாதிரி மூச்சு வாங்கி ஆட்டோவில் வர விட மாட்டோம் என்று டாக்டரம்மா சொன்னார். என் அண்ணன் என்று அவர் வாய் தவறிச் சொன்னதற்கு அவரே சிரித்தார். பிறகு, உன்னால் தெரியவருவது உனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்குத்தான் பயன்படும் என்றார். பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, இவன் பிள்ளைக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அப்படியென்றால் சரி என்றாள். மகனே, நீ பிறக்காமலேயே உனக்காக ஒருத்தி கையை நீட்டியிருக்கிறாள். அவள் திட்டினால் எதிர்த்துப் பேசாதே.

இனி அந்தக் கடைசி விஷயம். இதை எழுத உட்கார்ந்தபோது வெயில் முற்றத்தில் இருந்தது, இப்போது மதிலில் ஏறிப் போய்விட்டது. இவ்வளவு நீளமாக எழுதியது உன்மேல் உள்ள பாசத்தால் என்று நீ நினைத்திருந்தால் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் இருந்தேன். உண்மை என்னவென்றால், இன்சுலின் பேனா என் பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு பத்தி எழுதுவதும், அதன் மூடியைக் கழற்றுவதும், திரும்ப மாட்டிவிட்டு இன்னொரு பத்தி எழுதுவதுமாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்து வீரன், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தானே குத்திக்கொள்கிறவன் என்று மேலே சொன்னேனே, அந்த ஆள் நம் வீட்டில் குடியிருக்கவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் எனக்கு நானே ஒரு ஊசிகூடப் போட்டதில்லை. காலை ஊசியை அம்மா போடுவாள். சாயங்கால ஊசியைப் பேச்சி போடுவாள். நான் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணை இறுக்கி மூடி, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். தினமும் அந்த முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவளிடம்தான் வலிக்கவே வலிக்காது என்று சொல்லியிருக்கிறேன். அவள் எப்படி நம்புவாள்? பாட்டிலில் தண்ணீரை மிச்சம் வைக்கிற அளவுக்கு அவள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்று யோசித்தால், என் நோயைப் பார்த்துப் பாதி, என் மூஞ்சியைப் பார்த்துப் பாதி.

இன்று மத்தியானம் கிளம்பும்போதும் பேச்சி இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இனி நானே போட்டுக்கொள்வேன் என்று அம்மாவிடம் நான் அளந்ததைக் கேட்டும், அவள் எதிரில் என் மானத்தை வாங்கவில்லை. இப்போது ரயிலிலிருந்து போன் செய்தாள். கோவில்பட்டி தாண்டிவிட்டது, ஜன்னல் ஓர இடம், அம்மா உனக்கு அவித்து வைத்த இட்லியில் தெரியாமல் இரண்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று என்னென்னவோ சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"போட்டாச்சாண்ணே? கண்ணை மூடாமப் போடு. நீ மூடலைன்னா நானும் நாளைக்கு மூடமாட்டேன்."

அப்பாவும் வந்துவிட்டார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பைய உள்ளே வந்து, என் எதிரில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருக்கிறார். அவர் கை என் கையைவிட மோசமாக நடுங்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கடிதத்தைக் கொஞ்சம் நிறுத்துகிறேன்.

போட்டுவிட்டேன்.

வலித்தது, மகனே. வலிக்கத்தான் செய்யும். உன்னிடம் யாராவது எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று சொன்னால், அது நானாகவே இருந்தாலும், நம்பாதே. ஆனால் தலையணையைக் கடிக்கிற அளவுக்கு இல்லை. இரண்டு வருஷமாகக் கண்ணை மூடியிருந்ததால் எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அம்புட்டுதானாலே?" என்றார், அவருக்கும் ஏதோ இறக்கி வைத்த மாதிரி. அத்தைக்குப் போன் செய்து இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு அவளும் அப்படியே செய்வாள். நீ வளர்ந்து பெரியவனானதும் அவளிடம் போய் உளறிவிடாதே: வலது கண் திறந்துதான் இருந்தது. இடது கண், மீசை முறுக்கிக்கொண்டு நின்ற அதே பக்கத்துக் கண், கடைசி நொடியில் மூடிக்கொண்டது.